பூட்டுக் காய்த்த பூவரசு

பனையூரணி கீழத்தெருவில் பூவரச மரம் பூட்டுக் காய்த்த வருஷத்தில் மழை நன்றாகப் பெய்திருந்தது, குளம் மறுகால் போயிருந்தது, தெருவில் மூன்று கல்யாணமும் இரண்டு பால்காய்ச்சும் நடந்திருந்தன, அதனால் தெய்வக்குற்றம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தை பிறந்து நாலாம் நாள் காலையில் ஈரத்துணி வாளியோடு பின்வாசலுக்கு வந்த தையற்காரி முப்பிடாதி, மஞ்சள் பூக்களுக்கு நடுவே காம்புக்குக் காம்பு கட்டைவிரல் பருமனில் நுங்கு மாதிரித் தெளிவாக ஏதோ தொங்குவதைப் பார்த்தாள், வாளியை இறக்கி வைத்தாள், துணியெல்லாம் உதறிக் காயப்போட்டு முடித்தாள், அதற்குப் பிறகுதான் கிட்டே போனாள். வளையம் இருந்தது, சாவித்துவாரம் இருந்தது, உள்ளே குண்டூசி கனத்தில் இரண்டு குச்சிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பூட்டுதான். சாவி மட்டும் எந்தக் கிளையிலும் காய்த்திருக்கவில்லை.

அந்த மரம் இரண்டு வீட்டுக்குப் பொது. இந்தப் பக்கம் முப்பிடாதி, அந்தப் பக்கம் அவள் கணவரின் தங்கை ஆவுடை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் வரை நடுவில் ஒன்றும் கிடையாது, வைத்த குழம்பு இங்கிருந்து அங்கே போகும், அரைத்த மாவு அங்கிருந்து இங்கே வரும். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த முப்பிடாதியின் கணவர் தளவாய், மூளைக்காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். ஆவுடை அப்போது எட்டு மாசக் கர்ப்பம். வெளியூர் டூட்டி என்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள், சேதி போனது எல்லாம் முடிந்த பிறகுதான். "எங்கண்ணன் குரலைக் கடைசியா ஒரு தடவை கேக்க விடாமப் பண்ணிட்டியளே மதினி" என்று அவள் அலறியதுதான் இரண்டு பேருக்கும் நடுவே நடந்த கடைசிப் பேச்சு. பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த கையோடு நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர் எழும்பியது. பூவரசை வெட்ட இரண்டு பேருக்கும் மனசு வராததால், சுவர் இருபக்கமும் வந்து மரத்தில் முட்டி நின்றது. நடுவில் ஒரு பெரிய செங்கல் போல மரமும் நின்றது.

தெரு ஒரு வாரத்தில் பூட்டுக்காய்க்குப் பழகிவிட்டது. முதல் இரண்டு நாள் ஆட்கள் இரண்டு வீட்டு வாசல் வழியாகவும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், மூன்றாம் நாள் ஒருத்தர் ஊறுகாய் போடலாமா என்று கேட்டார். வெல்டிங் பட்டறை மாடசாமி ஒன்றைப் பறித்துக்கொண்டு போய் ரம்பம் போட்டு அறுத்தான். உள்ளே ஒன்றுமில்லை, துரு நாற்றம் மட்டும் வந்தது, அது பட்டறையை விட்டு இரண்டு நாள் போகவில்லை. சுத்தியலால் உடைத்தவர்களுக்கும் அதே துருதான் கிடைத்தது. முப்பிடாதிதான், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கை சும்மா இருக்கமாட்டாமல் வளைந்த ஊசி ஒன்றை ஒரு பிஞ்சுப் பூட்டுக்குள் விட்டு, அந்த இரண்டு குச்சிகளையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தூக்கினாள். வளையம் டக்கென்று விலகியது. உள்ளேயிருந்து, எட்டு வருஷத்துக்கு முன் தூர்த்து மூடிய தெருக்கிணற்றின் ராட்டினம் கிறீச்சிட்ட சத்தம் வந்து, அவள் காதைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

அதிலிருந்து பிடித்தது தெருவுக்குப் பூட்டுப் பைத்தியம். ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் அந்தத் தெருவில் எப்போதோ கேட்ட ஒரு சத்தம் இருந்தது. ஒரே ஒரு தடவைதான் வரும், கையெட்டும் தூரத்துக்குள் தலையை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கேட்கும், பிறகு அது வெறும் பூட்டு. பிஞ்சுகளுக்குள் பேரில்லாத சத்தங்கள் இருந்தன, சேவல் கூவியது, அடிபம்பு இருமியது, யாரோ முறத்தில் அரிசி புடைத்தார்கள். ஒரு பிஞ்சைத் திறந்தபோது இன்னும் பேர் வைக்காத ஏதோ ஒரு கைக்குழந்தை தும்மியது, தலையை முட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்களும் யோசிக்காமல் ஒரே வாயாக "நூறு" என்றார்கள், பிறகு யாருக்கு ஆயுசு சொன்னோம் என்று தெரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

திறக்கிற கம்பிக்காகத் தெரு பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி மெத்தென்று வளைந்துகொடுத்தது, சைக்கிள் போக்ஸ் கம்பி துவாரத்துக்குள்ளேயே நுழையவில்லை, ஊக்கு உள்ளே போய் ஒடிந்து அங்கேயே குடியிருந்துவிட்டது. கம்ப்யூட்டர் சென்டர் செல்லப்பா ஃபோனில் தேடிப் பார்த்து, கருப்புத் தோல் உறைக்குள் முப்பத்திரண்டு கம்பிகள் அடுக்கிய ஒரு செட்டைக் கூரியரில் வரவழைத்தார். தெருவே அவர் வாசலில் கூடி அந்த உறையைத் தொட்டுத் தடவிப் பார்த்தது. பாம்பு மாதிரி நெளிந்தது ஒன்று, பாதி வைரம் மாதிரி ஒன்று, பந்து வைத்தது ஒன்று. ஒரு வாரம் கழித்து அவரே வந்து, "இதுல உருப்படியானது ரெண்டுதான் முப்பிடாதி. மிச்சத்தை வச்சு என் வீட்டுக்காரி இடியாப்பக் குழல்ல அடைச்ச மாவை நோண்டுதா" என்று ஒப்புக்கொண்டார்.

முப்பிடாதிக்கு அந்த இரண்டு எவை என்று செட் வருவதற்கு முன்பே தெரியும். ஒன்று திருப்பிப் பிடிக்க, ஒன்று தூக்கிவிட. தூக்கிவிடுகிறதற்கு ரம்ப பிளேடு ஒடிந்த துண்டை மாடசாமி பட்டறையில் ராவச் சொல்லி, முனையில் மட்டும் லேசாகக் கொக்கி வைத்துக்கொண்டாள். திருப்பிப் பிடிக்க, ரோட்டோரம் நின்ற பழைய வேனின் வைப்பர் ரப்பருக்குள் ஓடும் மெல்லிய எஃகுத் தகட்டை உருவி ஒரு முனையை மடக்கிக்கொண்டாள். ஊசி வாங்கப் போனால் பதினாலாம் நம்பரா பதினாறாம் நம்பரா என்று கடைக்காரரை நாலு தடவை உள்ளே அனுப்புகிறவள், இதற்கும் அப்படித்தான் ஒன்பது தகட்டைக் கழித்துப் பத்தாவதை எடுத்தாள்.

எடுத்தவுடன் பெரிய காயில் கை வைத்தவர்களெல்லாம் தோற்றுப்போனார்கள். அவள் பிஞ்சில் தொடங்கினாள். இரண்டு குச்சிப் பிஞ்சை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும், எந்தக் குச்சி இறுக்கிப் பிடிக்கிறது, எது தளர்ந்து ஆடுகிறது, எது சொன்ன பேச்சைக் கேட்டு மேலேயே நின்றுகொள்கிறது என்று. அதில் இருபது திறந்த பிறகு மூன்று குச்சிக்குப் போனாள். பிறகு பச்சையோடிய நாலு குச்சிக் காய், அதில் பாதிதான் தெரியும், மீதியைக் கை பார்க்க வேண்டும். கடைசியில் முற்றிப் பித்தளை நிறமாகிவிட்ட ஐந்து குச்சிப் பழம், அதில் கண்ணுக்கு வேலையே கிடையாது. "எல்லாம் டென்ஷன்தான்" என்பாள், கற்றுக்கொள்ள வந்த பெண்களிடம். அவள் சொன்னது தையல் மிஷினில் நூலுக்கு வைக்கிற டென்ஷனை. கூட வைத்தால் நூல் அறும், குறைய வைத்தால் அடியில் சுருண்டுகொள்ளும். திருப்புகிற தகட்டைப் பலமாக அழுத்தினால் எல்லாக் குச்சியும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு நிற்கும், விட்டுவிட்டால் ஏற்றி வைத்ததெல்லாம் கீழே விழும்.

இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கினார். தெரு முழுக்கப் பூட்டுத் திறக்கப் பழகுகிறது என்றால் அவருக்குத் தூக்கம் வருமா? கை உயர்த்தி எல்லாரையும் உட்காரவைத்து, அங்கேயே இரண்டு சட்டம் போட்டார். கதவில் தொங்குகிற பூட்டைத் தொடக் கூடாது. அடுத்தவருக்கு உரிமையான பூட்டை, அவர் உத்தரவு இல்லாமல், மரத்திலேயே தொங்கினாலும் தொடக் கூடாது. தெருவுக்கு இரண்டும் நியாயமாகத்தான் பட்டன. போகும்போது அவர் ஒரு பிஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தார்கள், யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

எந்தப் பூட்டு யாருக்கு உரிமை என்பது மாசியில்தான் தெரிந்தது. பால்காரர் ஒருத்தர் மரத்தடியில் நின்று, "எனக்கு முந்தி இங்க பால் ஊத்தினாரே கொம்பையா, அவரை ஒருத்தருக்கும் ஞாபகமில்லையா?" என்று சடைத்துக்கொண்டபோது, மேலே ஒரு பித்தளைக்காய் காற்றில்லாமல் தானே ஆடியது. திறந்தால் கொம்பையாவின் "பாலேய்" என்ற கூப்பாடும் சைக்கிள் மணியும். ஆக, முற்றிய காய்க்குள் இருப்பது பேருள்ள மனுசர் சத்தம், பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது ஆடும். தெரு கூடிப் பேசி, அங்கன்வாடி டீச்சர் ராஜகனியிடம் இருந்த வாக்காளர் பட்டியலை வாங்கி வந்து, அவரையே மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து வாசிக்கச் சொன்னது. மூன்று நாள் வாசித்தார். கதவு எண், பேர், தகப்பனார் பேர். ஒவ்வொரு பேருக்கும் ஒரு காய் ஆட, வீட்டுக்கு ஒரு நிறமாக முப்பிடாதி கொடுத்த தையல் நூலை ஏணியில் ஏறிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் முடிவில் மரம், கோயில் கொடைக்கு ஜோடித்தது மாதிரி இருந்தது.

பட்டியலில் அடித்துவிட்ட பேர்கள்தான் மிச்சம். செத்தவர்களை அவரவர் ஆட்களே கூப்பிட வேண்டியதாயிற்று, கீழத்தெரு அங்கேதான் மாட்டிக்கொண்டது. பெண்டாட்டி புருசன் பேரைச் சொல்லக் கூடாது, இளையவர்கள் மூத்தவர் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆயுசு குறையும் என்று வாழ்ந்தவர்களுக்கு, குறைய ஆயுசே இல்லாதவர்கள் விஷயத்திலும் நாக்குப் புரளவில்லை. பேரை எழுதிக் கூரியர்காரரிடம் கொடுத்தார்கள். அவர் மரத்தடியில் நின்று பார்சல் வந்த மாதிரி சத்தமாக வாசிப்பார், காய் ஆடும், விதவைப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

முப்பிடாதி மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை.

அவளுக்கு அவர் குரல் மறந்துபோயிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு ஃபோட்டோ இருந்தது, காக்கிச் சட்டை இருந்தது, பஸ் புழுதி வாசம் கூட இழுத்து மூச்சு விட்டால் இன்னும் கொஞ்சம் இருந்தது. குரல் போன வருஷம் வரை இருந்தது. ஒருநாள் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது, 'என்ன குழம்பு' என்று அவர் கேட்கிற மாதிரி மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், சொன்னது அவளுடைய குரலாகவே இருந்தது. அன்றைக்கு அழுத அழுகையை அவர் செத்த அன்றுகூட அவள் அழவில்லை. இப்போது அந்த மரத்தில் எங்கோ ஒன்று இருக்கலாம். கூரியர்காரர் கூப்பிட்டு, எந்தக் காயும் ஆடாமல் போய்விட்டால் என்ன செய்வது? ஆடினால், ஆவுடை சும்மா இருப்பாளா? ஒரு தடவை வருகிற குரல், அது பெண்டாட்டியைப் பார்த்துப் பேசுமா, தங்கையைப் பார்த்துப் பேசுமா? திறக்கத் தெரிந்தவள் அவள்தான், யாருக்கும் தெரியாமல் திறந்து தான் மட்டும் கேட்டுக்கொள்ளலாம். இந்த நினைப்பு வந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் நினைப்பு போகவில்லை.

பங்குனி பிறந்ததும் காய்கள் உதிரத் தொடங்கின. விழுந்த பூட்டு பொழுது சாய்வதற்குள் துருவேறிப்போகும், பிறகு எந்தக் கம்பிக்கும் அசையாது. தினமும் காலையில் பெருக்குமாற்றோடு வந்து, விழுந்து கிடப்பவற்றை முப்பிடாதி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். இது அவராக இருக்குமோ என்று கேட்க ஒரு வழியும் இல்லை. ஏழாம் நாள் பதினெட்டு விழுந்திருந்தன. அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு, அவர் டிரிப்புக்கு நடுவே சாப்பிட வருகிற நேரத்துக்கு, தெரு உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தடியில் போய் நின்றாள். இருபத்தொரு வயசில் கழுத்தை நீட்டியதிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்த பேர். வாயைத் திறந்தாள், இரண்டு தடவை காற்றுதான் வந்தது.

"தளவாய்" என்றாள்.

மரம் அசையவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை, ரோட்டின் அந்தப் பக்கம் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, "தளவாய்!" என்று சத்தமாகவே கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகு, பதினொரு வருஷம் கழித்து ஒரு வெட்கம் அவள் முகத்தில் ஏறியது. கண்ணைத் திறந்தாள். சுவருக்கு நேர் மேலே, இரண்டு பக்கமும் சேராத ஒரு கொப்பில், உள்ளங்கை அகலப் பித்தளைக்காய் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

"மதினி?" பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். "எங்கண்ணன் பேரையா சொன்னிய?"

ஆவுடை சுவருக்கு மேலே தெரிந்தாள். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது, சாப்பாட்டை விட்டு எழுந்து வந்திருக்கிறாள். முன்தலை நரைத்திருந்தது, இத்தனை கிட்டத்தில் முப்பிடாதி அதை இப்போதுதான் பார்த்தாள். ஆவுடையின் கண் மேலே ஆடுகிற காயைப் பார்த்தது, மதினியின் கையிலிருந்த கம்பியைப் பார்த்தது, திரும்ப மதினியைப் பார்த்தது.

"நானும் தினம் வந்து நிப்பேன் மதினி. வாய் வரல. அண்ணன் பேரை எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நீங்க திறந்து கேளுங்க. நீங்கதான கூப்பிட்டிய. நான் உள்ள போயிருதேன்" என்றாள்.

தனியாகக் கேட்க வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்த முப்பிடாதி கையிலிருந்த கம்பியைச் சுவர்மேல் வைத்தாள்.

"போகாத ஆவுடை. நில்லு" என்றாள். "அன்னைக்கு நான் வேணும்னு செய்யல. சொல்லாத, புள்ளத்தாச்சி பயந்துருவான்னு சொன்னது அவியதான். ரெண்டு நாள்ல எந்திரிச்சு வந்துருவாவன்னு நானும் நம்பிட்டேன்."

"தெரியும் மதினி."

"தெரியுமா?"

"எங்கண்ணனை எனக்குத் தெரியாதா? அப்பமே தெரியும். ஆனா யார் மேலயாவது கோவப்படணும்லா. செத்தவன் மேல கோவப்பட முடியல, அதான் உங்க மேல பட்டுட்டேன்." ஆவுடை கையிலிருந்த பருக்கையைச் சேலையில் துடைத்தாள். "பொறவு அப்படியே இருந்து பழகிப்போச்சு."

பூட்டைப் பறிக்கவில்லை. கொப்பை வளைத்துச் சுவர்மேல் இறக்கி, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றிக்கொண்டார்கள். முப்பிடாதி தகட்டைத் துவாரத்தில் வைத்தாள், கொக்கியை உள்ளே விட்டாள். ஆறு குச்சி. இதுவரை ஆறு அவள் பார்த்ததில்லை. கொக்கி பிடித்த வலது கை சொன்னபடி கேட்டது, தகடு பிடித்த இடது கைதான் நடுங்கிக்கொண்டே இருந்தது, மூன்று குச்சி ஏற்றினாள், விழுந்தது, நாலு ஏற்றினாள், விழுந்தது. இருநூறு பூட்டுத் திறந்த கை இதற்கா நடுங்க வேண்டும் என்று அவளுக்கு அழுகை வந்தது.

"தகட்டை நான் பிடிக்கட்டா?" என்றாள் ஆவுடை. "எனக்கும் கொஞ்சம் வரும். இந்தப் பக்கம் விழுந்த பிஞ்சுல பழகினேன். நீங்க மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கும்போது செவரு ஓரமா நின்னு கேப்பேன்."

முப்பிடாதி தகட்டை விட்டாள். ஆவுடையின் சுட்டுவிரல் அதில் வந்து உட்கார்ந்தது.

"அழுத்தாத. ஊசிக் காதுல நூல் போற மாதிரி விடு. ஆங், அது போதும்."

ஒன்று ஏறியது. இரண்டாவது தளர்ந்து கிடந்தது, அதை விட்டுவிட்டு நாலாவதைத் தொட்டாள், அதுதான் இறுக்கிப் பிடித்திருந்தது, ஏறியது. மூன்றாவது. ஆறாவது. ஒவ்வொன்றும் ஏறி நிற்கும்போது தகடு மயிரிழை திரும்புவது ஆவுடை விரலுக்குத் தெரிந்தது, அவள் "ம்" என்பாள், இவள் அடுத்ததுக்குப் போவாள். ஐந்தாவது ஏறியது. தளர்ந்து கிடந்த இரண்டாவது இப்போது தானாகவே இறுகியிருந்தது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள், தலையோடு தலை முட்டியது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

டக்.

உள்ளேயிருந்து ஒரு மூச்சு மேலே இழுபட்டது, இழுபட்டு நின்றது, பிறகு வந்தது, பஸ் புழுதி மொத்தத்தையும் வீட்டு வாசலில் கொட்டுகிற ஒரு பெரிய தும்மல்.

"நூறு!" என்றார்கள் இரண்டு பேரும்.

மறுபடி ஒரு தும்மல், முதலாவதைவிடப் பெரிசு.

"இருநூறு!"

மூன்றாவது. அவருக்கு எப்போதும் மூன்றுதான், ஒருநாளும் இரண்டோடு நின்றதில்லை. தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு இரண்டு வீட்டு அடுப்படிக்கும் கேட்கும், இரண்டு அடுப்படியிலிருந்தும் ஆயுசு சொல்வார்கள்.

"முந்நூறு!"

அதற்குப் பிறகு, வழக்கம்போலவே, மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஒரு முனகல். "ஆத்தாடி." அவ்வளவுதான். கொஞ்சம் கரகரத்து, கடைசி எழுத்தில் இறங்குகிற குரல். அதுதான். முப்பிடாதிக்கு அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது, 'என்ன குழம்பு' இப்போது அவர் குரலிலேயே உள்ளே கேட்டது.

பூட்டு வாயைத் திறந்தபடி கொப்பில் சும்மா தொங்கியது. சொன்னது என்ன என்று அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஆவுடைதான் முதலில் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று.

"முந்நூறு வயசு குடுத்துட்டோமே மதினி. பதினொரு வருசம் பிந்தி."

"அவிய எப்பமும் லேட்டாத்தான் வருவாவ" என்றாள் முப்பிடாதி. கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை. கையை நீட்டி, ஆவுடையின் விரலிடுக்கில் மிச்சம் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை எடுத்துவிட்டாள். "பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துருக்க. இங்க வா, சோறு இருக்கு. கத்திரிக்காப் புளிக்குழம்பு."

"வாசல் சுத்தியா?"

"அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்?"

நாற்பது வயது ஆவுடை, தெருவில் யாரும் விழித்திருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, பூவரசின் கீழ்க்கொப்பைப் பிடித்துக்கொண்டு சுவர்மேல் ஒரு காலை வைத்தாள். முப்பிடாதி இந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.